எல்லையோரத்தில் தொலைமருத்துவம்: கொழிஞ்சாம்பாறை முதல் போடி வரை

நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறிடத்திலும் இருக்க, கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ நோயின் விவரம் சென்று ஆலோசனை திரும்பி வரும் முறைக்குத் தொலைமருத்துவம் என்று பெயர். இந்தியக் கிராமங்களில் இதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதிகளில் சில கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் நிலப்பரப்பில் நிகழ்ந்தவை. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் கொழிஞ்சாம்பாறையை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் இருக்கிறது. தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களும், அவற்றின் அடிவாரத்தில் தேனி மாவட்டமும் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் தமிழ் பேசும் உழவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பெருமளவில் வாழ்கிறார்கள். மாநில எல்லையும் மலையும் மொழியும் இவர்களுடைய மருத்துவத் தேவைக்குக் குறுக்கே நின்றிருக்கின்றன. தொலைமருத்துவம் இவற்றில் எதைக் கடந்தது, எதைக் கடக்கவில்லை என்பதை இப்பகுதியின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

எல்லைக்கோடும் ஆஸ்பத்திரி வழியும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. இதையும் பக்கத்து ஊராட்சிகளான எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகியவற்றையும் சேர்ந்த கிராமங்கள் கேரளத்தின் மற்றப் பகுதிகளைவிட மழை குறைவானவை. தென்னையும் நிலக்கடலையும் கரும்பும் விளையும் மண். பனையும் தென்னையும் ஏறும் தொழிலாளர் நிறைந்த ஊர்கள். கிழக்கே வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் சோதனைச் சாவடிகள். அவற்றைத் தாண்டினால் கோவை மாவட்டம்.

இந்த எல்லை பலமுறை உருமாறியது. சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. ஆனால் அதைச் சூழ்ந்திருந்த பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், கிழக்குப் பகுதி கோவை மாவட்டத்திலும் இருந்தன. 1949-இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூரும் மலபாரும் கேரளத்துக்குள் வந்தன. இடுக்கிப் பக்கத்தில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் 1950-களில் வலுத்தது. அவையும் கேரளத்திலேயே நின்றன.

நிர்வாகக் கோடு எங்கே விழுந்தாலும் மக்கள் மருத்துவத்துக்குப் போன வழி பெரிதாக மாறவில்லை. 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கையின் வழியில் 1952 முதல் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் அவை உதவின. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், கண், மனநலம் என்று வரும்போது நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி 1966-இல் தொடங்கியது. ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனை 1975-இலும், அரவிந்த் கண் மருத்துவமனையின் கோவைக் கிளை 1997-இலும் வந்தன. பாலக்காட்டுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2014-இல்தான். ஆகவே சித்தூர்க் கிராமங்களின் நோயாளிகள் பல பத்தாண்டுகளாகப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். மொழியும் அங்கே இடைஞ்சலாக இல்லை.

இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினமானது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவ வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எஸ்டேட் டிஸ்பென்சரியும் கம்பவுண்டரும் அப்படி வந்தவை. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையிறங்கி போடிக்கும் கம்பத்துக்கும் தேனிக்கும் வருவது தொழிலாளர்களின் வழக்கமாயிற்று. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் துணைக்கு இன்னொருவர் போக வேண்டும். அன்றைக்கு இருவரின் கூலியும் போகும், பஸ் கட்டணமும் செலவாகும். இந்தச் செலவுக்குப் பயந்தே நோயை முற்றவிடுவது நடந்தது. தொலைமருத்துவம் குறைக்க வேண்டியிருந்த சுமை இதுதான்.

உலகம் கண்ட முதல் முயற்சிகள்

தொலைமருத்துவம் கணினியோடு பிறந்ததன்று. 1905-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பு அலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பதிவுசெய்தார். இ.சி.ஜி. பதிவைத் தூரத்துக்கு அனுப்பியதன் தொடக்கம் அதுவே. இதயமின் பதிவின் இயக்கமுறையைக் கண்டறிந்ததற்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிராமத்துக்கான முதல் பெரிய முறை ஆஸ்திரேலியாவில் உருவானது. 1928-இல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானத்தை அழைக்கவே வழியில்லாத பண்ணைகளுக்காக ஆல்ஃபிரட் டிரேகர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை 1929 வாக்கில் அமைத்துக் கொடுத்தார். 1942 முதல் ஒவ்வொரு பண்ணையிலும் எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய ஒரே மாதிரியான மருந்துப் பெட்டி வைக்கப்பட்டது. மருத்துவர் வானொலியில் மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணைச் சொல்வார். கேட்பவர் அந்த எண்ணிட்ட குப்பியை எடுத்துக் கொடுப்பார். மருத்துவ அறிவு இல்லாதவரையும் நம்பகமான கையாக மாற்றிய ஏற்பாடு இது. 1959-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனம் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1964-இல் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையுடன் அது இணைக்கப்பட்டது.

விண்ணிலிருந்து வந்த இணைப்பு

இந்தியாவில் கிராமத்தையும் செயற்கைக்கோளையும் முதலில் இணைத்தது 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த சைட் என்ற தொலைக்காட்சிச் சோதனை. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, குடும்ப நலம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. தமிழ்நாடும் கேரளமும் அந்த ஆறில் இல்லை. அந்தச் சோதனையில் கிராமம் கேட்க முடிந்தது. திரும்பிப் பேச வழியில்லை. 1983-இல் இன்சாட்-1பி இயங்கத் தொடங்கிய பின் சிறு தட்டு அலைவாங்கிகள் மூலம் இருவழித் தொடர்பு மெல்லச் சாத்தியமானது.

முதல் கிராமத் தொலைமருத்துவ நிலையம் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டாவில் அமைந்தது. பெயர் ஒன்றானாலும் அது பாலக்காட்டுச் சித்தூர் அன்று. அப்போலோ மருத்துவமனைகளின் நிறுவனர் டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார். சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் டாக்டர் கே. கணபதி இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 2001 முதல் இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்பை மருத்துவமனைகளுக்கு வழங்கியது. அந்தமானின் போர்ட் பிளேர் மருத்துவமனை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையுடனும், லட்சத்தீவின் மருத்துவமனைகள் கொச்சி அம்ருதா மருத்துவமனையுடனும், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனை பெங்களூரு நாராயண ஹிருதயாலயாவுடனும் இணைந்தன. கடலும் காடும் பிரித்த ஊர்கள் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. பத்தாண்டுக்குள் இந்த வலையமைப்பு 384 மருத்துவமனைகளுக்குப் பரவியது. அவற்றில் 60 சிறப்பு மருத்துவமனைகள், 306 மாவட்ட, கிராமப்புற மருத்துவமனைகள், 18 நடமாடும் வண்டிகள்.

இவை இரண்டு முறைகளில் வேலை செய்தன. எக்ஸ்ரே, ஸ்கேன், இ.சி.ஜி., திசுப் படம் ஆகியவற்றைச் சேமித்து அனுப்பி, மருத்துவர் நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்து எழுதுவது ஒன்று. நோயாளியும் மருத்துவரும் திரையில் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வது மற்றொன்று. செயற்கைக்கோள் பூமிக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் மேலே நிற்பதால் பேச்சு சென்று சேர ஏறக்குறைய கால் நொடி பிடிக்கும். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும் பழக்கத்தை இரு பக்கமும் கற்க வேண்டியிருந்தது. முதல் முறைக்குக் குறைந்த அலைவரிசையே போதும். இரண்டாவதற்கு இணைப்பும் மின்சாரமும் மருத்துவரின் நேரமும் ஒன்றாகக் கூடிவர வேண்டும்.

பாலக்காடும் புற்றுநோய் வலையமைப்பும்

பாலக்காட்டு மாவட்டம் தொலைமருத்துவத்துக்குள் வந்தது புற்றுநோயின் வழியாக. திருவனந்தபுரத்தில் 1981-இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையம் கேரளம் முழுவதற்கும் தலைமைச் சிகிச்சை நிலையமாக இருந்தது. பாலக்காட்டிலிருந்து அங்கே போகச் சாலை வழியில் 300 கிலோமீட்டருக்கு மேல். புற்றுநோய்க்கு ஒருமுறை சிகிச்சை பெற்றால் முடிவதில்லை. மருந்தின் விளைவைப் பார்க்கவும், நோய் திரும்புகிறதா என்று சோதிக்கவும், வலியைக் குறைக்கவும் ஆண்டுக்கணக்கில் வந்துபோக வேண்டும். பத்து நிமிடச் சோதனைக்காக இரண்டு நாள் பயணம் என்பதே பலருக்கும் நேர்ந்தது.

இதற்கு விடையாக 2000-களின் தொடக்கத்தில் சி-டாக் என்ற கணினி ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையமும் மண்டலப் புற்றுநோய் மையமும் சேர்ந்து ஆன்கோநெட் கேரளா என்ற வலையமைப்பை உருவாக்கின. மையத்தின் புறநிலையங்கள் தலைமை நிலையத்துடன் இணைக்கப்பட்டன. பாலக்காட்டில் இருந்த புற்றுநோய் முன்கண்டறிதல் மையம் அவற்றில் ஒன்று. நோயாளியின் பதிவேடு கணினியில் இரு இடத்திலும் கிடைத்தது. ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர் பாலக்காட்டுக்கு வந்தால் போதும்; அங்குள்ள மருத்துவர் சோதித்து விவரத்தை அனுப்ப, திருவனந்தபுரத்து நிபுணர் அடுத்த படியைச் சொல்வார். எந்த நோயாளி பயணம் செய்தே ஆக வேண்டும், யாருக்கு அது வேண்டியதில்லை என்று பிரிக்க முடிந்தது. தொடர் கண்காணிப்பே இதன் வலிமை. முதல் முறையாக வரும் அறிமுகமில்லாத நோயாளியைத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, தெரிந்த நோயாளியின் போக்கைக் கவனிப்பது பாதுகாப்பானது என்ற பாடம் இங்கே கிடைத்தது.

கேரளத்தின் வலிதணிப்பு மருத்துவம் இதற்குத் துணை நின்றது. 2008-இல் மாநில அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. ஊராட்சிகள் வழியாகச் செவிலியர்கள் படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கே போகத் தொடங்கினார்கள். நோயாளியின் புண்ணையும் வலியையும் நேரில் பார்த்து மருத்துவரிடம் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்குள் கிடைத்தார்.

தேனிப் பள்ளத்தாக்கில் வைஃபை

செயற்கைக்கோள் இணைப்பு விலை மிகுந்தது. அது இலவசமாகக் கிடைக்கும்வரை இயங்கி, பராமரிப்புப் பணம் நின்றதும் பல இடங்களில் முடங்கியது. நாள்தோறும் நோயாளி வரும் சாதாரணத் தேவைக்கு மலிவான வழி வேண்டியிருந்தது. அந்த வழி இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-இல் தேனிக் கிளை வந்தது. கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரை உள்ளோரை அழைத்துவந்து அறுவை செய்வது அரவிந்தின் வழி. ஆனால் முகாம் ஒரு நாள் வந்து போய்விடும். கண் சிவந்தவரும், கண்ணாடி மாற்ற வேண்டியவரும், சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுவருவது தெரியாதவரும் அடுத்த முகாம்வரை காத்திருக்க முடியாது. எனவே நிரந்தரமான சிறு பார்வை மையங்களை ஊர்களில் அமைக்க முடிவானது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டையர் குழு இதற்குத் தொழில்நுட்பம் தந்தது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சில பத்து மீட்டருக்கு உதவும் வைஃபைக் கருவியை எடுத்து, ஒரே திசையில் அலைவீசும் ஆன்டெனாக்களை உயரமான கம்பங்களில் ஏற்றி, கருவிகள் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். பல கிலோமீட்டர் தூரத்துக்கு வீடியோ தெளிவாகச் சென்றது. உரிமக் கட்டணமும் மாதச் சந்தாவும் தேவைப்படவில்லை. 2000-களின் நடுவில் போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி, அம்பாசமுத்திரம் ஆகிய இடங்களின் மையங்கள் இவ்வாறு தேனி மருத்துவமனையுடன் சேர்ந்தன. இங்கே சொல்லப்படும் அம்பாசமுத்திரம் தேனிக்கு அருகிலுள்ள கிராமம்.

மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள் அரவிந்தில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று அங்கே பணிபுரிகிறார்கள். பார்வையை அளப்பது, பிளவு விளக்குக் கருவியில் கண்ணைச் சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, படம் எடுத்து அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. பிறகு தேனியில் உள்ள மருத்துவர் திரையில் நோயாளியுடன் ஓரிரு நிமிடம் பேசி முடிவு சொல்வார். வருவோரில் பெரும்பாலோருக்கு அங்கேயே மருந்தோ கண்ணாடியோ கிடைத்துவிடும். அறுவை வேண்டியவர் மட்டும் தேனிக்குப் போவார். கட்டணமும் சிறியது, பஸ் செலவைவிடக் குறைவு.

தொழில்நுட்பத்தின் இடர்களும் இங்கேதான் விரிவாகப் பதிவாயின. கிராமத்து மின்சாரம் திடீரென ஏறி இறங்கியதில் கருவிகள் எரிந்தன. அரைகுறை மின்னழுத்தத்தில் நினைவகம் கெட்டது. பெர்க்லி பொறியாளர்கள் குறைந்த மின்னழுத்தத்தில் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுற்றை உருவாக்கினார்கள். அதைவிட முக்கியமாக, அரவிந்தின் உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஊர் திரும்பிய பிறகும் வலையமைப்பு நின்றுவிடாததற்கு இதுவே காரணம். பின்னாளில் கம்பிவழி இணையமும் செல்பேசி இணையமும் வந்தபோது அலைக்கம்பங்களின் தேவை குறைந்தது. மையங்களோ பெருகி நூறைத் தாண்டின. இணைப்பு எதுவாக மாறினாலும் மையத்தில் இருந்த பயிற்சி பெற்ற பெண்ணின் வேலை மாறவில்லை.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கேட்டைக் கணினியே கண்டறியும் முறையைப் பற்றி 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் விழிப்படங்களும் பயன்பட்டன. கிராமத்து மையங்களில் படம் எடுக்கும் பழக்கம் வேரூன்றியதால் இத்தகைய கருவி வந்தால் ஏற்கும் இடம் முன்பே தயாராக இருந்தது.

வண்டியில் வந்த மருத்துவம்

தமிழ்நாட்டின் வேறு முயற்சிகளும் இதே பாடத்தை உறுதிசெய்தன. சென்னை சங்கர நேத்ராலயா 2003-இல் இஸ்ரோ துணையுடன் நடமாடும் கண் பரிசோதனை வண்டியைத் தொடங்கியது. டாக்டர் வி. மோகனின் சர்க்கரை நோய் மருத்துவக் குழு 2006 முதல் சூணாம்பேடு பகுதியின் 42 கிராமங்களுக்கு வண்டியை அனுப்பிச் சர்க்கரை நோயாளிகளையும் நோய் வரக்கூடியவர்களையும் கண்டறிந்தது. அதற்கு உள்ளூர்த் தொண்டர்கள் வீடுவீடாகப் போனார்கள்.

1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேருந்து ஒன்றை ஆலோசனை அறையாக மாற்றி ஓட்டியது. மனநோயாளியைக் குடும்பத்தார் நகரத்துக்கு அழைத்துப்போவது மற்ற நோய்களைவிடக் கடினம். கூட்டத்தில் பதறுவார், வர மறுப்பார், ஊரார் பேச்சுக்குக் குடும்பம் அஞ்சும். பேருந்துக்குள் திரையில் மனநல மருத்துவர் தமிழில் பேசினார். அதே பேருந்தில் மருந்தகமும் இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்காக வேறு ஊர் தேடிப் போக வேண்டியதில்லை. மருந்து கைக்கு வராத ஆலோசனை பயன் தராது என்பதை இந்தத் திட்டம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

சட்டம் வழிவிட்ட நாள்

நெடுங்காலம் இவை எல்லாம் தெளிவான சட்டமின்றியே நடந்தன. 2003-இல் மைய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை தொழில்நுட்பத் தரங்களைப் பரிந்துரைத்தது. 2005-இல் சுகாதார அமைச்சகம் தேசியப் பணிக்குழு அமைத்தது. தொலைபேசியில் மருந்து சொன்ன மருத்துவருக்குப் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் நின்றது. 2018-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நோயாளியை நேரில் பாராமல் தொலைபேசியில் சிகிச்சை சொன்னது தொடர்பான ஒரு வழக்கில் கடுமையான கருத்தைத் தெரிவித்ததும் மருத்துவர்களிடம் தயக்கம் கூடியது.

கொரோனாப் பெருந்தொற்றில் தேசிய ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை தரலாம் என்று அவை கூறின. எல்லையோர மக்களுக்கு இந்த ஒரு வரி மிகப் பெரியது: கோவை மருத்துவர் கொழிஞ்சாம்பாறை நோயாளிக்கும், தேனி மருத்துவர் மூணாறு தொழிலாளிக்கும் சட்டப்படி ஆலோசனை சொல்லலாம். மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. சாதாரண மருந்துகளை எந்த வழியிலும் சொல்லலாம். சிலவற்றை வீடியோவில் பார்த்த பின்னரே எழுதலாம். தொடர் சிகிச்சைக்கு உரியவை நேரில் ஒருமுறை பார்த்திருந்தால் எழுதலாம். போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவற்றை எழுதவே கூடாது. மார்ஃபின் அந்தக் கடைசி வகையில் வருவதால், கடும் வலியில் இருக்கும் புற்றுநோயாளிக்கு நேரடிப் பராமரிப்பின் தேவை குறையவில்லை. செவிலியர் போன்ற சுகாதாரப் பணியாளர் நோயாளியின் பக்கத்தில் இருந்து மருத்துவருடன் பேசும் முறையும் நெறிகளில் தனியாக ஏற்கப்பட்டது.

ஊரடங்கும் இ-சஞ்சீவனியும்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், போடிமெட்டு, குமுளி என்று எல்லாச் சாவடிகளிலும் 2020-இல் கட்டுப்பாடு வந்தது. இரு மாநிலங்களும் இ-பாஸ் கேட்டன. வழக்கமாகக் கோவையிலும் தேனியிலும் மருந்து வாங்கிவந்த சர்க்கரை, இரத்த அழுத்த, இதய நோயாளிகளுக்கு வழி அடைபட்டது. வடக்கே காசர்கோட்டு மக்கள் மங்களூரு போக முடியாமல் கர்நாடக எல்லையில் தவித்ததும் அதே வேளையில்தான்.

மொஹாலி சி-டாக் உருவாக்கிய இ-சஞ்சீவனி அப்போது பரவலானது. 2019 நவம்பரில் சுகாதார நிலையத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் இடையிலான இணைப்பாக அது தொடங்கியிருந்தது. 2020 ஏப்ரல் 13 முதல் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவும் சேர்ந்தது. அடுத்த சில வாரங்களில் தமிழ்நாடும், ஜூன் மாதத்தில் கேரளமும் இணைந்தன. முதல் ஆண்டில் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் இரண்டும் இருந்தன. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதுமான ஆலோசனைகள் 10 கோடியைத் தொட்டன. மனநலத்துக்கென 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் பல மொழிகளில் பேசலாம்.

துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் நோயாளியை அமர்த்தி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்கும் முறை தேனிப் பார்வை மையத்தின் அமைப்பையே பெரிய அளவில் செயல்படுத்துகிறது. கைபேசி இல்லாதவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் விலக்கப்படுவதில்லை. வீட்டிலிருந்து தனியே அழைக்கும் முறையில் இளையவரும் படித்தவரும் எளிதாக நுழைகிறார்கள். வயதானவருக்கு மகனோ பேத்தியோ ஆஷா தொண்டரோ துணை வேண்டும்.

கடக்கப்படாத எல்லைகள்

மொழி முதலாவது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தந்தது; ஆனால் அது கடிதத்துக்கு உரியது, மருத்துவருடன் பேசும் பேச்சுக்கு அன்று. நேரில் மருத்துவமனைக்குப் போகும் தமிழர் கைகாட்டியும் முகம் பார்த்தும் பாதியை விளக்கிவிடலாம். கைபேசித் திரையில் அந்த வசதி சுருங்குகிறது. தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் நெஞ்சுக் கரிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி தன் மொழியில் சொன்னால்தான் மருத்துவருக்குச் சரியாகப் புரியும். மாநில வாரியாக அமைந்த அரசுச் சேவையில் கேரள நோயாளியின் அழைப்பு கேரள மருத்துவரிடமே போகிறது. சட்டம் எல்லையைத் திறந்தும் நிர்வாக அமைப்பு அதை மூடிவைத்திருக்கிறது.

இணைப்பு இரண்டாவது. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலைக்குடியில் முதுவர் குடிகளிலிருந்து நோயாளிகளைத் தோளில் சுமந்துவரும் நிலை நெடுநாள் இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகளைப் புதைத்து 70 பேரைப் பலிகொண்டது. தகவல்தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. இணைப்பு மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அறுந்துபோகும் இடங்கள் இவை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோன் என்ற கேரள அரசின் இழைவட வலையமைப்பு 30,000 அரசு அலுவலகங்களையும் 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களையும் இலக்காகக் கொண்டது. மலைத் தோட்டங்களுக்கும் கிழக்குச் சித்தூருக்கும் அது முழுமையாகச் சென்றால் அரைகுறை சிக்னலை நம்பியிருக்கும் நிலை மாறும்.

அவசரச் சிகிச்சை மூன்றாவது. மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவச் சிக்கலுக்கும் திரை மாற்றாகாது. வழி சொல்லலாம்; முதலுதவியைக் கூறலாம்; ஆம்புலன்சும் அருகில் ஒரு நல்ல மருத்துவமனையும் இருந்தே ஆக வேண்டும். தொலைமருத்துவத்தைக் காரணம் காட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடத்தைக் காலியாக விடுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

இந்த வரலாற்றின் தீர்ப்பு தெளிவானது. செயற்கைக்கோளும் வைஃபையும் கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் தூரத்தை இன்னும் மலிவாகக் கடந்தது. நிலைத்து நின்ற திட்டங்கள் எல்லாவற்றிலும் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார், மருந்து அதே இடத்தில் கிடைத்தது, தேவைப்பட்டால் போய்ச் சேர ஒரு மருத்துவமனை இருந்தது. கொழிஞ்சாம்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் நான்காவதாக ஒன்று வேண்டும்: தமிழ் பேசும் மருத்துவர் திரையின் மறுபுறம் இருப்பது. அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. 2020-இன் நெறிகள் ஏற்கெனவே அனுமதி தந்துவிட்டன. எல்லையோர ஊராட்சிகளின் சுகாதார நிலையங்களை அண்டை மாவட்ட மருத்துவமனைகளுடனும் இணைக்கும் உடன்பாட்டைக் கேரளமும் தமிழ்நாடும் செய்துகொள்ள வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாற்று நீரைப் பகிர 1970-இல் ஒப்பந்தம் செய்த இரு அரசுகளுக்கும் மருத்துவரின் நேரத்தைப் பகிர்வது இயலாத காரியமன்று.